பதினாறின் மடங்கு

புத்தகக் கடையில் எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் கடைசிப் பக்கத்துக்குத்தான் போவேன். கதை எப்படி முடிகிறது என்று பார்க்கிற அவசரம் இல்லை. பக்க எண்ணைப் பார்ப்பேன். 160 என்றிருந்தால் சரி. 176, 192, 208 என்றாலும் சரி. 158 என்றோ 214 என்றோ இருந்தால் புத்தகத்தைத் திருப்பி விலையைப் பார்ப்பேன். நான் நினைத்ததைவிடக் கூடுதலாகத்தான் பெரும்பாலும் இருக்கும். கூட வரும் நண்பர்கள் இதை ஒரு வியாதி என்கிறார்கள். இருபத்தைந்து வருடமாகப் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைத்துப் பிழைப்பவனுக்கு இந்த வியாதி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அச்சுக்காரர்கள் பேச்சில் 'பாரம்' என்று ஒரு சொல் உண்டு. நம் கதை, கவிதைப் புத்தகங்கள் பெரும்பாலும் டெமி ஒன்றுக்கு எட்டு அளவில் வருபவை. டெமி என்பது ஒரு தாள் அளவு. ஒரு டெமி தாளின் முன்பக்கம் எட்டுப் பக்கம், பின்பக்கம் எட்டுப் பக்கம் அச்சாகும். அதை மூன்று தடவை மடித்தால் 16 பக்கம் கொண்ட ஒரு மடிப்பு. அதுதான் ஒரு பாரம். பத்து பாரத்தை அடுக்கித் தைத்து, மேலே ரேப்பர், அதாவது அட்டை ஒட்டி, மூன்று பக்கமும் வெட்டினால் 160 பக்கப் புத்தகம். வாசகருக்குப் புத்தகம் அத்தியாயங்களால் ஆனது. அச்சகத்துக்கு அது பாரங்களால் ஆனது.

கணக்கு ரொம்ப எளிது. சந்தையில் கிடைக்கும் டபுள் டெமி தாள் ஒன்றை இரண்டாக வெட்டினால் இரண்டு டெமி. அப்படியானால் 160 பக்கப் புத்தகம் ஒன்றுக்கு ஐந்து டபுள் டெமி தாள். ஆயிரம் பிரதிக்கு 5000 தாள். ரீமுக்கு 500 தாள் என்றால் பத்து ரீம். சேதாரத்துக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடைக்காரரிடம் நின்றுகொண்டே மனசுக்குள் போட்டுவிடலாம். நான் வேலைக்குச் சேர்ந்த அச்சகத்தின் முதலாளிக்குக் கால்குலேட்டரே தேவைப்படாது. 'பத்து பாரம், ஆயிரம்' என்றால் 'பத்து ரீம்' என்பார். 'பதினஞ்சு பாரம், ஆயிரத்து இருநூறு' என்றால் அரை விநாடியில் 'பதினெட்டு' என்பார்.

அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் தொழில் ரகசியமும் பாரம் சம்பந்தப்பட்டதுதான். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளில் ஒரு நாவலை ஓட்டி முடித்துவிட்டு, "164 வருது சார்" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நாலு பக்கத்துக்கு யாருப்பா தனியா பிளேட் போடுறது? பைண்டர் வாயில விழவா? இழுத்து 160-க்குக் கொண்டா" என்றார். அன்றைக்கு ராத்திரி வரிகளுக்கு இடையிலுள்ள இடைவெளியை இம்மி இம்மியாகக் குறைத்து, ஒற்றை வார்த்தை தொங்கும் பத்திகளைத் தேடித் தேடி மேலே இழுத்து, 160-இல் கொண்டுவந்து நிறுத்தினேன். நாவலின் கடைசி வரி தாளின் விளிம்பில் மூச்சு முட்டிக்கொண்டு நின்றது. ஆசிரியர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மாறாக 156-இல் முடிந்துவிட்டால் மீதி நாலு பக்கத்தில் பதிப்பகத்தின் 'எமது பிற வெளியீடுகள்' பட்டியல் ஏறும். தமிழ்ப் புத்தகங்களின் கடைசியில் வரும் அந்தப் பட்டியல்கள் பாதிக்கு மேல் விளம்பரத்துக்காகப் போட்டவை இல்லை, பாரத்தை நிரப்பப் போட்டவை.

அப்போதெல்லாம் முதல் பதிப்பு என்றால் 1200 பிரதி என்பது கிட்டத்தட்ட சம்பிரதாயம். பாதுகாப்பாகப் போகிறவர் 1000 போடுவார். ஏன் ஆயிரம் என்று கேட்டால் இரண்டு பதில் கிடைக்கும். முதல் பதில் ஆஃப்செட் எந்திரத்தின் பதில். பிளேட் என்கிற அச்சுத் தகட்டின் செலவும் எந்திரத்தைத் தயார்செய்யும் கூலியும் 300 அடித்தாலும் 1000 அடித்தாலும் ஒன்றுதான். அப்புறம் கூடுவது காகிதமும் பைண்டிங்கும் மட்டும். ஆகவே எவ்வளவு அதிகம் போடுகிறோமோ அவ்வளவுக்கு ஒரு பிரதியின் அடக்கவிலை இறங்கும். இரண்டாவது பதில், நூலக ஆணை; அதாவது பொது நூலகங்களுக்காக அரசு மொத்தமாகப் புத்தகம் வாங்குவது.

நூலக ஆணையைப் பற்றிப் பேசாமல் தமிழ்ப் பதிப்புலகின் வரவு செலவைப் பேச முடியாது. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இப்படியொரு சட்டம் வந்தது இங்கேதான் முதலில். அதன் பின்னால் இருந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். அதன்படி நாம் கட்டும் சொத்துவரியோடு நூலக வரியும் சேர்ந்து வசூலாகிறது, இன்றைக்கு ரூபாய்க்கு 10 பைசா. சொந்த வீடு இருக்கிற ஒவ்வொருவரும், புத்தகமே தொடாதவர்கூட, தமிழ்ப் புத்தகங்களுக்குப் புரவலர்தான். அந்தப் பணத்தில் ஊர் ஊராக இருக்கும் நூலகங்களுக்குப் புத்தகம் வாங்குவார்கள். ஒரு தலைப்புக்கு 600 பிரதி வரை வாங்கிய காலம் உண்டு. பிறகு அது 1000 வரை போனது. ஆணை கிடைத்த பதிப்பாளருக்கு அந்த வருடம் பிழைத்தது.

இந்த இடத்தில்தான் என் தொழிலுக்கு வேலை வந்தது. நூலகத் துறை புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும் விலையைக் கொடுத்து வாங்காது. பாரத்துக்கு இவ்வளவு என்று ஒரு விகிதம் வைத்திருந்தது. அளவும் காகிதமும் பார்த்து, எத்தனை பாரமோ அத்தனைக்குப் பணம். பத்து வருட உழைப்பில் எழுதிய ஆய்வு நூலின் பாரமும் அரட்டைக் கட்டுரைகளின் பாரமும் ஒரே விலைதான். சரி, அரசாங்கம் எடை போட்டு வாங்குகிறது என்றால் வியாபாரி என்ன செய்வான்? எடையைக் கூட்டுவான். "எழுத்தைக் கொஞ்சம் பெரிசு பண்ணுங்க தம்பி, வயசானவங்க படிக்கிறாங்க இல்ல" என்பார்கள். 11 புள்ளி அளவில் இருக்க வேண்டிய எழுத்து 13-க்குப் போகும். ஒவ்வொரு அத்தியாயமும் வலதுபக்கத்தில்தான் தொடங்கும், இடதுபக்கம் வெறுமை. அணிந்துரை, வாழ்த்துரை, மதிப்புரை, என்னுரை, நன்றியுரை. ஆறு பாரத்துக் கையெழுத்துப் பிரதியை ஒன்பது பாரமாக்கிக் கொடுத்திருக்கிறேன். அதில் எனக்குக் கூச்சம் இல்லாமல் இல்லை. ஆனால் பக்கத்துக்கு இவ்வளவு என்றுதான் எனக்கும் கூலி.

ஆணை நேரத்துக்கு வந்தால் நல்லது. வராவிட்டால்? சில வருடம் தள்ளிப்போகும், சில வருடம் பணம் தாமதமாகும். அப்படி ஒரு இழுபறியில் ஒரு பதிப்பாளர் எனக்குத் தர வேண்டிய கூலி இரண்டு வருடம் நின்றது. கேட்கப் போனால் அவர் மாடிப்படிக்குக் கீழே என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். கட்டுப் பிரிக்காத புத்தகங்கள், கூரையைத் தொட்டுக்கொண்டு. "இதுதான் உன் காசு. வேணும்னா தூக்கிட்டுப் போ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே, கண் கலங்கித்தான் சொன்னார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ கிடங்குகளில் தண்ணீர் புகுந்தபோது அந்தப் படிக்கட்டுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. நனைந்த காகிதம் ஊதும். ஊதினால் அலமாரியிலிருந்து உருவக்கூட முடியாது. அடுத்த ஜனவரியில் நடக்க வேண்டிய சென்னைப் புத்தகக் காட்சி 2016 ஜூனுக்குத் தள்ளிப்போய்த் தீவுத்திடலில் நடந்தது. எல்லாப் பணத்தையும் காகிதமாக மாற்றிக் கிடங்கில் வைத்திருக்கிற தொழில் இது என்பது அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்தது.

புத்தகக் காட்சி 1977-இல் அண்ணா சாலையில் மதரஸா-இ-ஆஜம் பள்ளியில் தொடங்கியது. இன்றைக்கு எங்கள் தொழிலின் தீபாவளி அதுதான். டிசம்பர் மாதம் என்னை வீட்டில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. வருடம் முழுக்க எழுதாமல் இருந்தவர்கள் எல்லோரும் நவம்பர் கடைசியில் எழுதி முடிக்கிறார்கள். ஜானி ஜான் கான் சாலைப் பக்கம் பைண்டிங் கடைகளில் பசை வாசனையும் டீ வாசனையும் கலந்து ராத்திரி இரண்டு மணிக்கும் விளக்கு எரியும். காட்சி தொடங்கி ஐந்தாம் நாள் வந்து சேரும் புத்தகங்கள் உண்டு. கடைசி நாள் வந்து, இறக்காமலேயே திரும்பிய புத்தகங்களும் உண்டு. இத்தனை பாடும் எதற்கு என்றால், அங்கே வாசகர் நேராகக் காசு கொடுக்கிறார். 200 ரூபாய் புத்தகத்துக்குப் பத்து சதவீதக் கழிவு போக 180 கையில் வரும். அதே புத்தகத்தைக் கடைக்குக் கொடுத்தால் 35 சதவீதமோ 40 சதவீதமோ கழிவு. வருவது 120 அல்லது 130, அதுவும் எப்போது வரும் என்று கேட்கக் கூடாது. அதிலிருந்து ஆசிரியருக்குப் பத்து சதவீதம் ராயல்டி என்றால் 20. மிச்சம் இருப்பதில்தான் காகிதம், அச்சு, பைண்டிங், ரேப்பர் வரைந்தவர், பிழை திருத்தியவர், கிடங்கு வாடகை, பார்சல், கடைசியாக நான்.

பத்திரிகைக்காரர்கள் கதை வேறு மாதிரி என்று நினைத்திருந்தேன். அங்கேயும் பக்க எண்தான் பேசுகிறது. தீபாவளிக்கு முந்தின வாரம் நாளிதழ் கனமாக வரும், விளம்பரம். 2020 ஏப்ரலில் எங்கள் வீட்டு வாசலில் விழுந்த நாளிதழ் சத்தமே போடவில்லை, அவ்வளவு மெலிந்திருந்தது. நாளிதழை நாம் வாங்கும் விலை அதன் காகிதத்துக்கே காணாது. விளம்பரதாரர்தான் அதற்கு உண்மையான சந்தாதாரர். அவர் போய்விட்டால் பக்கம் சுருங்கும். நாளிதழ் அச்சாகும் காகிதத்தில் பெரும்பகுதி கனடா, ரஷ்யா என்று வெளியிலிருந்து வருவது. 2019 பட்ஜெட்டில் அதற்குப் பத்து சதவீதச் சுங்கவரி போட்டார்கள், கூச்சல் எழுந்து அடுத்த வருடம் ஐந்தாகக் குறைத்தார்கள். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் விலை மறுபடி ஏறியது. 1941-இல் தொடங்கிய கல்கி இதழ் 2020-இல் அச்சை விட்டு இணையத்துக்குப் போனது. என் அம்மா அதன் பிறகு அதைப் படிக்கவில்லை. போனில் பெரிய எழுத்தில் வைத்துக் கொடுத்தேன். "இதுல எங்க விட்டேன்னு அடையாளம் வைக்க முடியலடா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்புறம் பிஓடி வந்தது. பிரிண்ட் ஆன் டிமாண்ட்; தேவைக்கு மட்டும் அச்சிடுவது. பிளேட் கிடையாது. பிடிஎஃப் கோப்பைக் கொடுத்தால் பெரிய ஜெராக்ஸ் எந்திரம் மாதிரி ஒன்று முப்பதோ ஐம்பதோ அடித்துத் தந்துவிடும். நான் முதன்முதலில் அப்படி அடித்த தாள்களை எனக்குப் பழக்கமான ஒரு பைண்டரிடம் எடுத்துப் போனேன். மடிப்பு வேலையில் கை தேய்ந்தவர். கட்டைப் பிரித்துப் பார்த்தார், ஓரங்களை விரலால் தள்ளிப் பார்த்தார். "என்ன தம்பி, இதுல பாரமே இல்ல. எல்லாம் உதிரித் தாளா இருக்கு. எதைப் புடிச்சுத் தைக்கிறது?" என்றார். தைக்க வேண்டாம், முதுகில் பசை போட்டால் போதும் என்றேன். "அப்ப புத்தகம்னு சொல்லாதீங்க, நோட்டுப் பேட்னு சொல்லுங்க" என்றார். அவர் இப்போது தொழிலில் இல்லை.

பதினாறின் மடங்கு அன்றைக்குச் செத்தது. 158 வந்தால் 158. இதனால் நடந்த தலைகீழ் மாற்றம் ஒன்றை வெளியில் இருப்பவர்கள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பிஓடியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் காசு. 50 பிரதி போட்டாலும் 500 போட்டாலும் ஒரு பிரதியின் அடக்கவிலை பெரிதாக இறங்காது. ஆகவே பக்கத்தைக் குறைக்க வேண்டும். முன்பு "எழுத்தைப் பெரிசு பண்ணுங்க" என்றவர்களே இப்போது "240 ரொம்ப அதிகம், 200-க்குள்ள அடக்குங்க" என்கிறார்கள். 13 புள்ளி எழுத்து 10.5-க்கு இறங்குகிறது. ஓரத்து வெள்ளை இடம் சுருங்குகிறது, பிடிக்கும் கட்டைவிரல் வரியின் மேல் ஏறுகிறது. பத்து வருடம் புத்தகங்களை ஊதவைத்துச் சம்பாதித்தேன், இப்போது வற்றவைத்துச் சம்பாதிக்கிறேன். பக்கம் குறைந்தால் என் கூலியும் குறையும் என்பதைப் பதிப்பாளரிடம் யார் சொல்வது?

முதல் பதிப்பு 1200-லிருந்து நூறுக்கு இறங்கியதைத் தமிழ் வாசிப்பின் வீழ்ச்சி என்று மேடையில் பேசுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த 1200-இல் எத்தனை வாசகர் கைக்குப் போனது, எத்தனை மாடிப்படிக்குக் கீழே போனது என்று எனக்குத் தெரியும். கிடங்குப் பயம் போனதால் எத்தனையோ நல்ல புத்தகங்கள் வந்திருக்கின்றன. சொத்தை அடகு வைக்காமல் ஒரு கவிதைத் தொகுப்பு போட முடிகிறது. நாலு மாதத்தில் ஐம்பது விற்றால் இன்னொரு ஐம்பது. அது நல்லதுதான்.

எனக்கு இருக்கும் குறை வேறு. 1200 அடிக்கும்போது ஒரு பிழை என்றால் 1200 பிழை. பிளேட் போட்டுவிட்டால் திருத்த முடியாது. அதனால் மூன்று மெய்ப்பு பார்ப்பார்கள். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஒரு பெரியவர் வருவார், ஒற்று மிகும் இடம் மிகா இடம் பற்றி என்னோடு சண்டை போடுவார், எழுத்தாளருக்கே தெரியாமல் ஒரு முரணைக் கண்டுபிடித்து ஓரத்தில் கேள்விக்குறி போட்டு வைப்பார். இப்போது கேட்டால், "இருக்கட்டும், அடுத்த லாட்டுல மாத்திக்கலாம்" என்கிறார்கள். அடுத்த லாட் வருவதில்லை. பணம் போட்டவருக்குப் பயம் இருந்த வரைக்கும் அந்தப் பெரியவருக்கு வேலை இருந்தது. பதிப்பாளருக்குப் பதிலாக எழுத்தாளரே பணம் கட்டத் தொடங்கியபோது முதலில் வெட்டுப்பட்ட செலவு அவர்தான். இன்னொன்றும் உண்டு. 'இரண்டாம் பதிப்பு' என்று உரிமைப் பக்கத்தில் போடச் சொல்கிறார்கள், முதல் ஐம்பது தீர்ந்த வாரத்தில். பழைய புத்தகங்களில் தேதிக்குப் பக்கத்தில் பிரதிகளின் எண்ணிக்கையும் இருக்கும். அதை மறுபடி போட வேண்டும் என்று நான் சொன்னபோது ஒருவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அமேசானின் மின்னூலான கிண்டிலில் பக்கமே கிடையாது என்று நினைத்தேன். 2016 கடைசியில் அமேசான் தமிழுக்கு வழிவிட்டது. மாதச் சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெடில், படிக்கப்பட்ட பக்கங்களின் எண்ணிக்கையை வைத்துத்தான் எழுத்தாளருக்குப் பணம். எந்தப் பக்கம்? அமேசான் தன் கணக்கில் வகுத்துவைத்திருக்கும் ஒரு பக்கம். நான் எழுத்தைப் பெரிதாக்கினாலும் சின்னதாக்கினாலும் அது அசையாது. என்னைப் போன்றவர்களின் தகிடுதத்தம் எடுபடாத பக்கத்தைக் கடைசியில் ஒருத்தன் கண்டுபிடித்துவிட்டான்.

பதினாறின் மடங்கு இன்னும் உயிரோடு இருக்கும் இடம் ஒன்று உண்டு: கல்கியின் பொன்னியின் செல்வன். அவர் எழுத்துகள் நாட்டுடைமையானதும் யார் வேண்டுமானாலும் போடலாம் என்றாயிற்று. ராயல்டி கிடையாது; விற்கும் என்பது நிச்சயம். காகிதமும் கூலியும் மட்டும்தான் போட்டி. ஆகவே ஆயிரக்கணக்கில் ஆஃப்செட்டில் அடித்து விலையை இறக்குகிறார்கள். 2022-இல் படம் வந்தபோது மூன்று பதிப்பாளர்களுக்கு மூன்று தடவை நான் அதை வடிவமைத்தேன். மூவரும் கொண்டுவந்தது இணையத்தில் எங்கோ கிடைத்த ஒரே கோப்பு. ஒரே இடத்தில் ஒரே எழுத்துப் பிழை. முதல் தடவை சந்தோஷமாகத் திருத்தினேன். மூன்றாவது தடவை பழைய நண்பனைப் பார்த்த மாதிரி இருந்தது.

2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி விகிதங்களை மாற்றியபோது அச்சுக்காகிதம் 12 சதவீதத்திலிருந்து 18-க்குப் போனது. பள்ளி நோட்டுக்கான காகிதத்துக்கு வரி இல்லை, புத்தகத்துக்கான காகிதத்துக்கு 18. அச்சிட்ட புத்தகத்துக்கு வரி விலக்கு இருக்கிறதே என்று கேட்பார்கள். அதுதான் பொறி. விற்கும்போது வரி வசூலிக்காதவர், வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்பக் கேட்க முடியாது. வரி இல்லாத புத்தகத்தின் விலைக்குள் வரி ஒளிந்துகொண்டிருக்கிறது. கரும்புச் சக்கையில் காகிதம் செய்யும் அரசு ஆலை கரூர்ப் பக்கம் புகளூரில் இருக்கிறது. அந்தக் காகிதத்துக்கும் இதே கதிதான்.

போன வாரம் அந்த மாடிப்படிக்காரர் கூப்பிட்டார். இப்போது அவரும் பிஓடிதான், மாடிப்படிக்குக் கீழே அவருடைய பேரனின் சைக்கிள் நிற்கிறது. ஒரு சிறுகதைத் தொகுப்பு, ஐம்பது பிரதி. "எத்தனை பக்கம் வருது?" என்றார்.

"154 சார்."

"160 பண்ணிடுப்பா."

"எதுக்கு சார்? பிஓடிக்கு 154 போதுமே. ஆறு பக்கக் காசு மிச்சம்."

"நூலகத்துக்கு இப்பல்லாம் ஆன்லைன்ல விண்ணப்பம் போடலாம், தெரியுமில்ல? என் மருமக போட்டிருக்கா. ஆர்டர் வந்துதுன்னா ஆஃப்செட்டுக்குப் போகணும். அப்ப உன்னைத் தேடிக்கிட்டு இருக்க முடியாது."

ஆறு பக்கத்துக்கு என்ன போடுவது என்று கேட்டேன். 'எமது பிற வெளியீடுகள்' பட்டியலை வாட்ஸப்பில் அனுப்பினார். பழைய பட்டியல்தான், நானே ஒரு காலத்தில் ஸ்ரீலிபி என்கிற பழைய எழுத்துருவில் அடித்தது. அதில் பாதிப் புத்தகங்கள் இப்போது அச்சில் இல்லை. எடுத்துவிடட்டுமா என்று கேட்டதற்கு, "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார். யூனிகோடுக்கு மாற்றி, ஒரு பக்கத்துக்கு இருபது தலைப்பாக அடுக்கினேன். சரியாக ஆறு பக்கம் வந்தது.